டிசம்பர் 20-இல் செய்தது, 31-இலும் மொறுமொறுத்தது

போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு கிறிஸ்துமஸுக்கு, இங்கே சிங்கப்பூரில், அழகான கண்ணாடிப் புட்டி ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். கழுத்தில் சிவப்பு நாடா, நாடாவில் சிறு மணி. உள்ளே கார்ன் பிளேக்ஸ், முந்திரி, ப்ரெட்செல் (உப்புத் தூவிய முடிச்சு பிஸ்கட்), வெள்ளை சாக்லேட் எல்லாம் கலந்த இனிப்பு மிக்ஸர். 250 கிராம், 18 வெள்ளி 90 காசு. திருவிழாவுக்கு முந்தின இரவு புட்டியைத் திறந்து அம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினேன். வாயில் போட்டு இரண்டு முறை மென்றவர், "நனைந்த அவல் போல இருக்கிறது, மக்களே" என்றார். அதற்கு மேல் அவர் எடுக்கவில்லை.

அம்மா நாகர்கோவில் பக்கம் பிறந்தவர். அங்கே கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா. கலகலாவுக்கு மைதா மாவைச் சுண்டைக்காய் அளவு எடுத்து, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டி எடுப்பார்கள். தகர டின்னில் போட்டுக் குலுக்கினால் பெயருக்கேற்ற ஒலி வரும். அந்த ஒலியோடு வளர்ந்தவருக்குப் பதம் போன பண்டத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தேனே என்ற வருத்தம் ஆண்டு முழுவதும் எனக்கு இருந்தது.

ஆகவே கடந்த டிசம்பரில் வீட்டிலேயே செய்தேன். ஈசூனில் எங்கள் நாலறை வீட்டுச் சமையலறையில், 6, 13, 20 என மூன்று சனிக்கிழமைகள், மூன்று விதமாக. எந்தப் பொருள் விலைக்குத் தகுந்தது, எது தேவையில்லை, எங்கே வாங்கலாம், எந்த இடத்தில் கைதவறும் என்று எழுதிவைத்தால் அடுத்த டிசம்பரில் யாருக்காவது உதவும். அந்த எண்ணத்தில்தான் இந்த மதிப்பீடு.

இந்த மிக்ஸர் அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். 1937-இல் ரால்ஸ்டன் பூரினா நிறுவனம் அங்கே சிறு சதுரமாக, சல்லடை பின்னினாற்போன்ற காலைத் தானியம் ஒன்றை விற்கத் தொடங்கியது. 1950-களில் அந்தத் தானியத்தோடு வெண்ணெயும் வூஸ்டர் சாஸும் கலந்து அவன் (oven) என்னும் அடுப்பில் வாட்டும் செய்முறை பரவியது. அது உப்புக் காரம். அதே வழியில் பழுப்புச் சர்க்கரையைப் பாகாக்கி ஊற்றினால் இனிப்பு மிக்ஸர். நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. முறுக்கை உடைத்து வெல்லப் பாகில் கிளறினால் மனோகரம். பொரியில் பாகு ஊற்றினால் பொரியுருண்டை. சிறுமியாக இருந்தபோது திரையரங்கு வாசலில் அப்பா வாங்கித் தந்த கச்சாங் பூத்தே, தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் கடலையும் பட்டாணியும் கலந்து தருவார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். மனோகரம் கிளறத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முன்பே கைவந்ததாகும்.

மீதிப் பாதி வேலை சிங்கப்பூரின் காற்றோடு. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். டிசம்பரிலோ வடகிழக்குப் பருவமழை. விடாமல் பெய்யும் நாள்களில் 100 விழுக்காட்டைக்கூடத் தொடும். சர்க்கரை ஈரத்தைத் தேடிக் குடிக்கும் பொருள். பழுப்புச் சர்க்கரையில் மொலாசஸ் என்னும் கரும்பழுப்புப் பாகும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் வேகமாகக் குடிக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய செய்முறையில் "ஆறவிட்டு டப்பாவில் போடவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இங்கே அந்த ஒரு வரிக்குள்தான் மொத்த வெற்றி தோல்வியும் இருக்கிறது.

முதல் சனிக்கிழமை வெள்ளை சாக்லேட் முறை. அவன் வேண்டாம், அடுப்பு வேண்டாம், சாக்லேட்டை உருக்கித் தானியத்தின் மேல் ஊற்றிக் கிளறினால் முடிந்தது. பதினைந்து நிமிட வேலை. கொக்கோ வெண்ணெயில் செய்த நல்ல சாக்லேட்டாகவே வாங்கினேன். மாலைவரை மேசைமேல் வைத்தும் அது இறுகவில்லை. விரலால் தொட்டால் ஒட்டியது. கொக்கோ வெண்ணெய் இறுகிப் பளபளக்க வேண்டுமானால் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி சற்றே ஏற்றிப் பதப்படுத்த வேண்டும். நான் வெறுமனே உருக்கினேன். அதோடு எங்கள் சமையலறை பிற்பகலில் 30 பாகை செல்சியஸில் இருக்கிறது. சரி, குளிர்சாதனப் பெட்டியில் வைப்போம் என்று வைத்தேன். அங்கே கல்லாக இறுகியது. வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம் துண்டுகளின் மேல் முத்து முத்தாக நீர் கோத்தது. அந்த நீரை அடியிலிருந்த கார்ன் பிளேக்ஸ் குடித்துக்கொண்டது. திங்கட்கிழமை அதை எடுத்துத் தின்றபோது முந்தின ஆண்டுப் புட்டியின் அதே சுவை, அதே தளர்ச்சி. அவனில்லாத வீட்டுக்காரர்களுக்கு இந்த முறையைச் சொல்ல எனக்கு மிகவும் ஆசை. ஆனால் செய்த அன்றே தின்று தீர்ப்பதானால் மட்டுமே சொல்வேன்.

இரண்டாம் சனிக்கிழமை பாகு முறைக்கு மாறினேன். 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, 115 கிராம் வெண்ணெய், 80 கிராம் குளுக்கோஸ் பாகு, அரைத் தேக்கரண்டி உப்பு. கொதித்ததும் இறக்கி அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. அதை ஊற்றிக் கிளறி, 120 பாகை அவனில் 45 நிமிடம். வீடெங்கும் மணம். அம்மா தம் நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெந்த அன்று மொறுமொறுப்பும் இருந்தது. புதன்கிழமை டப்பாவைத் திறந்தால் எல்லாம் ஒரே கட்டியாகப் பிடித்திருந்தது. தட்டின் ஒரு பக்கம் கருகியும் மறு பக்கம் வெளுத்தும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டு தவறுகள். ஒன்று, இளஞ்சூட்டோடு டப்பாவை மூடிவிட்டேன். உள்ளே அடைபட்ட ஆவி மூடியில் வியர்த்து மறுபடி கீழே இறங்கியிருக்கிறது. மற்றொன்று அவனின் குமிழ் காட்டிய கணக்கு. எங்களுடையது மேசைமேல் வைக்கும் சிறிய அவன். திருகுக் குமிழில் 120 என்று வைத்தால் உள்ளே 120 இருக்கும் என்று பத்தாண்டுகளாக நம்பிவந்தேன். பத்து வெள்ளிக்கும் குறைவாக ஓர் அவன் வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன். குமிழ் 120 காட்டியபோது முள் 140-இல் நின்றது. குமிழை 100-க்கும் சற்றுக் கீழே இறக்கிய பிறகுதான் முள் 120-க்கு வந்தது. இந்த முயற்சி முழுவதிலும் நான் வாங்கிய பொருள்களில் எதற்கு முழு மதிப்பெண் என்று கேட்டால் இந்தச் சிறு வட்டக் கருவிக்குத்தான். கேக் சரியாக வராத பழைய வருத்தங்களுக்கும் அன்றே காரணம் தெரிந்தது.

இனிப் பொருள்களைப் பற்றி.

தானியத்தில் நான்கு பெட்டிகள் வாங்கிச் சோதித்தேன். சாக்லேட் பூசிய சுருள், பாகோடு அவனில் போனதும் கசந்தது. தேன் பூசிய நட்சத்திரத்தில் முன்பே சர்க்கரை இருப்பதால் மற்றவை வேகுமுன்பே அது சிவந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பிடித்த பெட்டிகள் இவை இரண்டும், கிண்ணத்தில் பால் ஊற்றித் தின்ன நல்லவை, இந்த வேலைக்கு ஆகாதவை. அமெரிக்கச் சதுரத் தானியம் நன்றாகத்தான் இருந்தது. கட்டங்களுக்குள் பாகு புகுந்து உட்காருகிறது. ஆனால் அதைத் தேடி மூன்று பேரங்காடிகள் ஏறி இறங்கினேன், விலையும் மற்றதைப்போல் இரு மடங்கு. கடைசியில் மனத்தில் நின்றது ஒன்றும் பூசாத வெறும் கெலாக்ஸ் கார்ன் பிளேக்ஸ். ஏட்டின் விளிம்புகள் மடங்கிச் சுருண்டிருப்பதால் பாகு ஒவ்வொன்றிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. கடித்தால் முதலில் பாகு உடையும், அடுத்து ஏடு உடையும். அந்த இரட்டை ஒலி வேறெதிலும் கிடைக்கவில்லை. சீனப் புத்தாண்டுக்குத் தாள் கிண்ணங்களில் தேன் கார்ன் பிளேக்ஸ் செய்து அடுக்கும் அண்டை வீட்டாருக்கு இது என்றோ தெரிந்த செய்திதான்.

லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவிலிருந்து ஒரு பொட்டலம் அரிசிப் பொரியும் வாங்கி வந்தேன். அதைச் சேர்க்கச் சொன்னவர் அம்மா. பொரி எடையில்லாதது, ஒரு பிடி போட்டால் தட்டு நிறையும், கடையில் வாங்கும் எந்த மிக்ஸரிலும் வராத லேசான தன்மை வரும். ஆனால் தேக்காவிலிருந்து ஈசூன் வருவதற்குள்ளேயே பொரி நமுத்துவிடுகிறது. வாணலியில் வெறும் சூட்டில் ஐந்து நிமிடம் புரட்டி, விரலுக்கிடையில் நசுக்கினால் தூளாகும் வரை விட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

முந்திரியும் நிலக்கடலையும் முஸ்தபா பேரங்காடியில் வாங்கினேன். சையத் ஆல்வி சாலைக்குப் போய்விட்டு அந்தக் கொட்டைப் பருப்பு அடுக்குகளுக்கு முன்னால் நின்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது. முழு முந்திரி, அரை முந்திரி, உடைந்தது என்று தனித்தனியாக இருக்கும். மிக்ஸருக்கு அரை முந்திரி போதும். பாகு பூசிய பிறகு முழுசா பாதியா என்று யாரும் பார்ப்பதில்லை, விலையோ நன்றாகவே குறைகிறது. நிலக்கடலை தோல் நீக்காததாக வாங்கி வீட்டில் வறுத்து ஊதிவிட்டேன். வறுத்து உப்புப் போட்டு விற்பதை வாங்கினால் ப்ரெட்செல்லின் உப்போடு சேர்ந்து வாய் கரிக்கும்.

வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, வெள்ளை சாக்லேட், தட்டுத் தாள், டப்பா இவை அனைத்தையும் பூன் ஹுவாட் கடையில் ஒரே நடையில் முடித்தேன். 1947-இலிருந்து இருக்கும் நிறுவனம். கேக், பிஸ்கட் செய்பவர்களுக்கு வேண்டிய பொருள்களுக்கென்றே உள்ள கடை. அவர்களுடைய சொந்த முத்திரையான ரெட்மேன் பொருள்கள் அடுக்கடுக்காக இருக்கும். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது, ஒரே பொருள் வீட்டுக்காரருக்கு ஏற்ற சிறு பொட்டலமாகவும் தொழில் செய்பவருக்கு ஏற்ற பெரிய மூட்டையாகவும் கிடைப்பது. குளுக்கோஸ் பாகு எனக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வேண்டும், சிறு டப்பா போதும். அந்தப் பாகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சர்க்கரை கொதித்து ஆறும்போது மறுபடி மணிமணியாகப் பூத்துவிடாமல் அது தடுக்கும். நம் வீடுகளில் பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சாக்லேட் அடுக்கில் நிற்கும்போது பொட்டலத்தைத் திருப்பிச் சேர்பொருள் வரியைப் படியுங்கள். கொழுப்பு என்று கொக்கோ வெண்ணெய் மட்டும் இருந்தால் அது அசல் சாக்லேட், சுவையில் உயர்ந்தது, இந்தச் சூட்டில் உருகும். பனை விதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது கலவைச் சாக்லேட். பதப்படுத்தும் வேலை அதற்குத் தேவையில்லை, அறைச் சூட்டிலும் இறுகி நிற்கும். வெறுமனே தின்ன நான் ஒருபோதும் அதை வாங்க மாட்டேன். கோடு கோடாக மேலே தெளிக்க மட்டும் அதுவே சரி. உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மணல்போல் திரண்டுவிடும் என்பதால் கரண்டியையும் கிண்ணத்தையும் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கள் தளத்தில் ஆறு வீடுகள். இடப்பக்கம் மலாய்க் குடும்பம், வலப்பக்கம் சீனத் தம்பதி, எதிர்க்கோடியில் இன்னொரு மலாய் வீடு. மேலே ஒன்பதாம் மாடியில் என் தோழி. அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். மார்கழி பிறந்துவிட்டால் அவர் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள், கிறிஸ்துமஸோ மார்கழியில்தான் வருகிறது. ஒரே டப்பாவை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், இவருக்கு இது ஆகாது என்று தனியாக எடுத்துவைக்கும்படி இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எனவே மார்ஷ்மெல்லோவைத் தொடவில்லை, பெரும்பாலும் அதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சிவப்பு, பச்சைச் சர்க்கரைப் பூச்சு மிட்டாய்களில் சிவப்பைக் கவனிக்க வேண்டும். இ120 என்று குறித்திருந்தால் அது கார்மைன், ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம். பீட்ரூட்டிலிருந்து எடுத்த சிவப்பு நிறமுள்ளதும், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் முத்திரை பதித்ததுமான ஒரு பொட்டலம் கிடைக்கும்வரை தேடினேன். முத்திரையைப் பார்த்துப் பார்த்து வாங்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பொட்டலங்களின் வெளித்தாள்களை வெட்டி ஓர் உறையில் போட்டு வைத்தேன், கேட்டால் காட்டலாம் என்று.

மூன்றாம் முறைக்கு முன்னால் கேலாங் சிராய் சந்தைக்குப் போய் குலா மலாக்கா வாங்கினேன். உருளை உருளையாக, கரும்பழுப்பில், லேசான புகை மணத்தோடு இருக்கும் தென்னஞ்சர்க்கரை. பழுப்புச் சர்க்கரையில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 100 கிராம் இதைச் சேர்த்தேன். முழுவதும் இதையே போட்டால் மணம் இன்னும் தூக்கலாக இருக்கும், ஆனால் ஈரமும் கூடும். பாதிக்குப் பாதி என்பது என் நாக்கும் கையும் ஒப்புக்கொண்ட கணக்கு. பொடித்து, ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் தென்னஞ்சிராய் தங்கும்.

அந்த மூன்றாம் சனிக்கிழமையைச் சற்று விவரமாகச் சொல்கிறேன். காலையிலிருந்து மழை. அடி கனமான பெரிய பாத்திரத்தில் வெண்ணெயும் சர்க்கரைகளும் குளுக்கோஸ் பாகும் கொதித்துக்கொண்டிருந்தன. செய்முறையில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டார். கரைந்து பரவியது. "இன்னும் நேரமிருக்கிறது." மறுபடி ஒரு சொட்டு. அடியில் தங்கியது, விரலால் எடுத்தால் வழிந்தது. மூன்றாவது சொட்டைத் தண்ணீருக்குள்ளேயே உருட்டினார். பட்டாணி போல உருண்டது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் நின்றது. "உருட்டுப் பதம் வந்துவிட்டது. இறக்கு." அப்போது நேரம் பார்த்தேன், எட்டு நிமிடம் ஆகியிருந்தது. குலா மலாக்காவைக் கரைக்க ஊற்றிய தண்ணீருக்கு அந்தக் கூடுதல் மூன்று நிமிடம்.

இறக்கியவுடன் சோடாவைத் தூவிக் கிளறினேன். கரும்பழுப்பாக இருந்த பாகு நொடியில் பொங்கி, பாத்திரத்தின் பாதியிலிருந்து விளிம்புவரை ஏறி, சந்தன நிறத்துக்கு மாறியது. பாகிலுள்ள புளிப்போடு சோடா சேரும்போது எழும் வாயுதான் அந்த நுரை. அந்தக் குமிழிகள் பாகுக்குள் அப்படியே உறைந்துபோவதால்தான் ஆறிய பிறகு பல்லில் ஒட்டாமல் பொரபொரவென உடைகிறது. சோடாவை விட்டுவிட்டால் கடலை மிட்டாய்போல் கெட்டியாகிவிடும். அம்மாவுக்கு மேல்தாடையில் கட்டுப்பல், அவரால் அதைக் கடிக்க முடியாது. பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் இந்தப் பொங்கலுக்காகத்தான். கொதிக்கும் பாகு தோலில் பட்டால் எண்ணெயைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளைக் கிளறவிடாதீர்கள்.

200 கிராம் கார்ன் பிளேக்ஸ், 40 கிராம் பொரி, 120 கிராம் ப்ரெட்செல், முந்திரியும் கடலையும் சேர்ந்து 200 கிராம். பாகை ஊற்றி, நெய் தடவிய இரண்டு மரக்கரண்டிகளால் அடியிலிருந்து மேலாகப் புரட்டினேன். பிறகு ஒரு தேக்கரண்டி சுக்குப் பொடி, அரைத் தேக்கரண்டி ஏலப்பொடி. முள் 120-இல் நிற்க, முழுதாக 60 நிமிடம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறல். முதல் கிளறலில் பாகு அடியில் குளமாக நிற்கும், கவலைப்பட வேண்டாம். மூன்றாவதில் எல்லாவற்றின் மேலும் சமமாக ஏறியிருக்கும். கடைசியில் தாளில் ஒட்டியிருந்த ஒரு பாகுச் சில்லை அம்மா பெயர்த்தெடுத்தார். ஒரு நிமிடம் ஊதி ஆறவைத்து, எவர்சில்வர் தட்டின் மேல் போட்டார். டங் என்றது. அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டினார். ஊரில் அவருடைய அம்மா பாகுக்குப் பார்த்த அதே சோதனை.

சூடு இருக்கும்போதே தட்டில் பரப்பி உதிர்த்துவிட்டு, அடுத்து நான் செய்ததுதான் இந்த ஊருக்கென்ற வேலை. தட்டுகளைச் சமையலறையில் ஆறவிடவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்தி, அரை மணி நேரம் முன்பே குளிரூட்டியைப் போட்டு வைத்திருந்தேன். குளிரூட்டி அறைக் காற்றின் ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. அந்த உலர்ந்த காற்றில் தட்டுகள் 40 நிமிடம் இருந்தன. அங்கேயே வெள்ளைக் கலவைச் சாக்லேட்டைக் கோடு கோடாகத் தெளித்தேன். அது இறுகியதும் சிவப்பு, பச்சை மிட்டாய்களைத் தூவினேன். புறங்கையால் தட்டின் அடியைத் தொட்டு, துளியும் சூடில்லை என்று தெரிந்த பிறகே டப்பாவில் போட்டேன். வெளியே மழை அப்போதும் விடவில்லை.

டப்பாவுக்கு ஒரு சொல். மேலே அலங்காரமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். வாங்கியதும் வெறும் டப்பாவில் பாதித் தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடியுங்கள். ஒழுகாவிட்டால் காற்றும் எளிதில் புகாது. நான் வாங்கிய பன்னிரண்டில் ஒன்று ஒழுகியது, அதில் ஊசி நூல் வைத்திருக்கிறேன். உணவுக்கென்று விற்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் டப்பாவுக்கு ஒன்று போட்டேன். எங்கள் வீட்டு டப்பாவில் மட்டும் அம்மா தம் முறைப்படி ஒரு பிடி அரிசியைச் சிவக்க வறுத்து, ஆறவைத்து, மல்துணியில் முடிந்து அடியில் வைத்தார்.

செலவுக் கணக்கு: ஒரு ஈடுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கிடைத்தது. பொருள்கள் எல்லாம் சேர்ந்து எனக்கு 13 வெள்ளிக்குச் சற்று மேல் ஆனது. 250 கிராம் நிரப்பிய டப்பா ஒன்று, டப்பாவின் விலையையும் சேர்த்து ஆறு வெள்ளிக்குள். அன்று மூன்று ஈடு போட்டேன். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை நான்கரைக்கு முடிந்தது. நேரத்துக்கு விலை போட்டால் கடைப் புட்டியே மலிவு என்று ஒருவர் சொல்லலாம். அந்த ஏழரை மணி நேரமும் அம்மா என்னோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், அவருடைய ஊரில் யார் யார் வீட்டில் எத்தனை படி மாவு இடித்தார்கள் என்பதுவரை. அதற்கு நான் விலை போடவில்லை.

24-ஆம் தேதி மாலை டப்பாக்களைக் கொடுத்தேன். இடப்பக்க வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை என்பதுபோல்) வாசலிலேயே திறந்து ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, குலா மலாக்காவா என்று மலாயில் கேட்டார். ஒரே கடியில் கண்டுபிடித்துவிட்டார். ஒன்பதாம் மாடி அக்கா, "இதில் நான் தின்னக்கூடாதது ஏதாவது இருக்கிறதா?" என்று தயங்கியபடி கேட்டபோது உறையை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்துவிட்டுத்தான் எடுத்தார், நின்ற இடத்திலேயே கால் டப்பா காலியானது. இரண்டு டப்பாக்களை ஓஃபிர் சாலையில் 1888-இல் கட்டிய எங்கள் லூர்து அன்னை ஆலயத்துக்குக் கொண்டுபோனேன். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து பாடகர் குழுவினர் அவற்றைத் திறந்தபோது மழை விட்டிருந்தது. வளாகத்தில் நின்றபடியே இருபது பேர் கடித்த ஒலி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எங்களுக்கென்று வைத்த டப்பாவை 31-ஆம் தேதி இரவு திறந்தோம். செய்து பதினொரு நாள். அம்மா முதலில் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு கார்ன் பிளேக்ஸ் ஏடு ஒன்றை எடுத்துக் கடித்தார். உடைந்தது. பொரியும் கடலையும் அப்படியே இருந்தன. அவருடைய வறுத்த அரிசியும் கடையின் ஈரமுறிஞ்சியும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. ப்ரெட்செல் மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தது, அதன் மேலிருக்கும் உப்புக்கல் ஈரத்தை இழுத்திருக்க வேண்டும். அடுத்த முறை ப்ரெட்செல்லைப் பாகில் சேர்க்குமுன் பத்து நிமிடம் தனியாக அவனில் உலர்த்திவிட்டு, ஒட்டியிருக்கும் உப்பைத் தட்டி உதிர்த்துவிட்டுப் போடப் போகிறேன்.